நிழல் போலத் தொடர்ந்தார்

என் மகளுக்கு வயலின் சொல்லித்தரும் டீச்சர் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்ததும் என்னைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார். ஒரு விருதுக்கு விண்ணப்பம் போடச் சொல்லி அவருடைய மாணவிகள் வற்புறுத்தியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களில் ஐந்தை நகல் எடுத்து இணைக்க வேண்டுமாம். "நீங்க எழுதறவர், எது நல்லா இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்று ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போனார். மகள் வில்லின் முடியைத் தளர்த்தி, வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைத் திறந்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டுதான். பக்கத்துக்கு இரண்டு மூன்றாகப் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. முழு விமர்சனம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு வரி. கத்தரிக்கோலால் நேராக வெட்டி, பசை தடவி, மேலே நீலப் பேனாவில் தேதி, சபா, பாடகர் பெயர் எல்லாம் எழுதிவைத்திருந்தார். பஸ் டிக்கெட் அகலம்தான் இருக்கும். எண்ணினேன். 14 சீசன்கள், 31 துண்டுகள். "வயலினில் நிழல் போலத் தொடர்ந்தார்." "வயலின் பக்கபலமாக இருந்தது." "அனுசரணையான வாசிப்பு." "வயலினும் மிருதங்கமும் கச்சேரிக்கு மெருகூட்டின." "நிழலெனப் பின்தொடர்ந்து சோபித்தார்." ஒன்றில் அவருடைய இனிஷியல் தப்பாக இருந்தது, அதையும் ஒட்டியிருந்தார். 31இல் 11 துண்டுகளில் நிழல் வந்தது. அவர் என்ன ராகம் வாசித்தார், எந்த இடத்தில் என்ன செய்தார் என்று ஒரு துண்டில்கூட ஒரு சொல் இல்லை. தேதியை மறைத்துவிட்டால் எது எந்தக் கச்சேரி என்று யாராலும் சொல்ல முடியாது. பாடகரின் பெயரை மறைத்தாலும் அப்படித்தான். டீச்சருடைய பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு வயலின் கலைஞரின் பெயரைப் போட்டாலும் ஒரு குறையும் வராது.

அதில் நான்கு துண்டுகள் நான் எழுதியவை.

எட்டு வருடங்கள் ஒரு பத்திரிகைக்கு டிசம்பர் சீசன் விமர்சனம் எழுதினேன். என் வாக்கியத்தை எனக்குத் தெரியாதா? "நிழலென" என்று எழுதுவது என் பழக்கம். டீச்சர் காபியோடு வந்ததும் சொல்லிவிட்டேன், "இதுல நாலு நான் எழுதினது டீச்சர்." அவர் டம்ளரை டேபிளில் வைத்துவிட்டு, "தெரியும் சார், அதனாலதான் உங்களையே கேக்கறேன்" என்றார். குரலில் வருத்தமோ குத்தலோ கிடையாது. எழுதியவனுக்குத்தான் எது நல்ல வாக்கியம் என்று தெரியும் என்று உண்மையிலேயே நினைத்திருக்கிறார். ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நீளமாக இருந்தவை எவை என்று பார்த்துத்தான் கொடுத்தேன். வேறு எதை வைத்துப் பொறுக்குவது?

வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த என் பழைய குறிப்பு நோட்டுகளை இறக்கினேன். அந்த நாலு கச்சேரிகளையும் தேடி எடுத்தேன். பாட்டு வரிசை இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் எங்கே நின்றார், நிரவலுக்கு எந்த வரியை எடுத்தார், மேல் ஸ்தாயியில் குரல் எங்கே கம்மியது, எல்லாம் இரண்டு மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஒரு வரி: "வ: நன்று. மி: நன்று." அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் ஒரு மனுஷி மேடையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த நான் அவரைக் கேட்கவே இல்லை.

கடைசிப் பத்தி

பக்கவாத்தியத்துக்கு என்று விமர்சனத்தில் ஒதுக்கும் இந்தக் கடைசிப் பத்தி எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். விமர்சனத்துக்கு 350 வார்த்தை இடம். மாலை ஆறேகால் கச்சேரி முடிய ஒன்பது ஆகும். பத்தரைக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும். அதனால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்துவிடுவேன். கேன்டீன் பக்கம் போகிற கூட்டத்தோடு நானும் வெளியே வந்து, வராந்தாவில் ஒரு நாற்காலியைப் பிடித்து எழுத ஆரம்பிப்பேன். கதவு திறந்து மூடும்போது உள்ளே இருந்து மிருதங்கம் கொஞ்சம் கேட்கும். "தனி விறுவிறுப்பாக அமைந்தது" என்று எழுதுவேன். இதை இன்று எழுதும்போது கூசுகிறது. ஒரு கலைஞர் தன் முழு வித்தையையும் காட்டக் கிடைத்த பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைக் கதவுச் சந்தில் கேட்டுவிட்டு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

கச்சேரி செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எட்டு வருடங்கள் இது தெரிந்தும் நான் எழுதவில்லை. வயலின் பக்கவாத்தியக்காரருக்கு அன்று என்ன பாட்டு என்று பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. ஒத்திகை கிடையாது. பாடகர் ஆலாபனையைத் தொடங்கி ராகத்தின் முதல் பிடியை, அதாவது முதல் சின்ன ஸ்வரத் துணுக்கைப் பாடும்போதே ராகத்தைப் பிடித்தாக வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் விட்ட ஸ்வரத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அடுத்த பிடிக்கு அவர் வரும்போது வழிவிட வேண்டும். ரொம்ப முன்னால் போனால் அதிகப்பிரசங்கம், பின்தங்கினால் பலவீனம். அப்புறம் தன் முறை வரும்போது, பாடகர் பத்து நிமிடம் பாடியதை நாலு நிமிடத்தில், அவர் பாடியதையே திருப்பிச் சொல்லாமல், அதே சமயம் அவர் போன பாதையை விட்டு விலகாமல் வாசிக்க வேண்டும். ஸ்வரங்களை மேடையிலேயே கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரத்தில் அவர் கோர்வை ஒன்று, அதாவது தாளக் கணக்கோடு கட்டி முடிக்கும் ஸ்வரக் கோப்பு ஒன்று போட்டால், அதன் கணக்கை அந்தக் கணமே மனதில் வாங்கி, அடுத்த கணம் வில்லில் கொடுக்க வேண்டும். ஆண் பாடகருக்கு ஒரு கட்டை சுருதி, பெண் பாடகருக்கு ஐந்து கட்டை என்றால் தந்திகளின் தடிமனே வேறு மாதிரி வேண்டும். டீச்சர் வீட்டில் இரண்டு வயலின்கள் இருப்பது அதனால்தான். இத்தனையும் சேர்ந்ததற்கு நாங்கள் வைத்த பெயர் நிழல். நிழலுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லையே.

பாலுஸ்வாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, அவர்களுக்குப் பிறகு லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் என்று எவ்வளவோ பேர். ஆனால் ஒரு பெண் வயலின் கலைஞருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 2016இல்தான், ஏ.கன்யாகுமரிக்கு. அகாடமி தொடங்கியது 1928இல். மிருதங்கத்துக்கே 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பாலக்காடு மணி ஐயர் மாதிரி ஒருவருக்கு. விருதுகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் யாரைப் பற்றி எழுத்து இருக்கிறதோ அவரைத்தான் குழுக்கள் நினைவில் வைத்திருக்கும். பஸ் டிக்கெட் அகலத் துண்டுகளை வைத்துக்கொண்டு எந்தக் குழு என்ன முடிவுக்கு வர முடியும்?

எதை என்ற கேள்வி

என் தலைமுறையில் விமர்சனம் எழுத வந்தவர்கள் எல்லோரும் காரமான விமர்சனத்துக்குப் பேர்போன சுப்புடுவைப் படித்துவிட்டு வந்தவர்கள். அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலே மேடையில் இருப்பவர்களுக்குக் கை நடுங்கும் என்று சொல்வார்கள். அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது தைரியத்தை. பெரிய பெயராக இருந்தாலும் சுருதி விலகினால் விலகியது என்று எழுதும் தைரியம். அது தேவையான பாடம்தான், இப்போதும் நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விமர்சகர்கள் கூடினால் பாராட்டுவதா, தாக்குவதா என்பதைப் பற்றியே பேசினோம். எவ்வளவு காரம் போடலாம், எவ்வளவு சர்க்கரை போடலாம் என்பதுதான் எங்கள் விவாதம். எதைப் பற்றி எழுதுவது என்று ஒருநாள்கூடப் பேசியதாக ஞாபகம் இல்லை. அது ஏற்கெனவே முடிவான விஷயம் மாதிரி இருந்தது. மாலைக் கச்சேரி, பெரிய பாடகர், பாட்டு வரிசை, ஒரு பிரதான ராகம், கடைசியில் பக்கவாத்தியம்.

கல்கியை நினைத்துப் பார்க்கிறேன். 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய சங்கீத விமர்சனங்களைத் தொகுப்பாகப் படித்திருக்கிறேன். அவர் யாருடைய கல்யாணியை மெச்சினார், யாருடைய தோடியில் குறை சொன்னார் என்பதெல்லாம் இன்றைக்கு ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உதவும். ஆனால் அவர் வேறொரு காரியம் செய்தார். தமிழ்நாட்டில், தமிழர்கள் முன்னால் நடக்கும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு எங்கே வருகிறது என்று கவனித்தார். கடைசியில், துக்கடாவாக, ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பிக்கும்போது வருகிறது. அதை எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். தமிழிசை இயக்கத்துக்குப் பின்னால் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் பல்கலைக்கழகமும் பணமும் அரசியலும் எல்லாம் இருந்தன. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943இல் வந்தது. ஒரு விமர்சகரின் பேனா மட்டும் அதைக் கொண்டுவந்துவிடவில்லை. ஆனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தது அந்தக் காலத்துப் பேச்சையே மாற்றியது. அவர் சொன்னதோடு ஒத்துப்போகாதவர்களும் அவர் எடுத்த விஷயத்தைப் பற்றித்தான் சண்டை போட வேண்டியிருந்தது.

இதை என் பழைய பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக்கெட் யார் பேரில் விற்குது? வாசகன் யாரைப் பத்திப் படிக்கணும்னு நினைக்கிறான்? அதைக் கொடுக்காம வயலின், தம்புரான்னு எழுதினா பக்கத்தைத் திருப்பிடுவான்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அது ஒரு காலத்து நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சேரிக்குப் போக முடியாதவனுக்கு அடுத்த வாரம் வரும் விமர்சனம் ஒன்றுதான் வழி என்று இருந்த காலத்தில், என்ன பாடினார், எப்படிப் பாடினார் என்று சொல்வதே பெரிய சேவை. இன்றைக்குப் பாதிக் கச்சேரிகள் யூட்யூபில் இருக்கின்றன. பிரதான பாட்டு எது, ராகம் எது, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதைக் கீழே யாராவது எழுதிவைத்துவிடுகிறார்கள். விமர்சகன் அதையே இன்னொரு தடவை எழுதி என்ன ஆகப்போகிறது? கேட்பவனின் காது தானாகப் போகாத இடம் ஏதாவது இருந்தால், அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது.

காது போகாத இடங்கள்

அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் கச்சேரி மண்டபத்திலேயே அவ்வளவு இருக்கிறது. மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் இருந்தால் வாசிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அது கிழவரின் முரண்டு என்று முன்பெல்லாம் நினைத்தேன். போன வருடம் ஒரு சபாவில் கச்சேரி முழுக்க ஒலி அமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாடகர் மூன்று தடவை விரலை மேலே காட்டினார், மூன்று தடவையும் அவருடைய ஒலி ஏறியது. மிருதங்கக்காரர் ஒரு தடவை காட்டினார். வயலின்காரர் காட்டவே இல்லை. மண்டபத்தின் பின்பாதியில் வயலின் ஆலாபனை ரேடியோவைப் பக்கத்து வீட்டில் வைத்த மாதிரிதான் கேட்டது. ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன். "பாடறவங்க சொன்னா ஏத்துவோம் சார். வயலின்காரங்க கேக்கவே மாட்டாங்க. பாடறவங்க மூஞ்சி சுளிச்சா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்கல்ல" என்றார் அந்தப் பையன். "வயலின் சற்று அடக்கமாக ஒலித்தது" என்று நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதைக் கலைஞரின் குணமாக எழுதியிருக்கிறேன். அது ஒலி அமைப்பாளர் ஒரு குமிழைத் திருகிய அளவு.

உட்காரும் இடத்தில்கூடக் கதை இருக்கிறது. மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை இடது கைக்காரர். மிருதங்கத்தில் சுருதி சேர்த்த முகமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காத வயலின் வித்வான்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் விடாமல் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. மேடையில் யார் எங்கே உட்கார்கிறார் என்பது வெறும் வசதி விஷயம் அல்ல.

நாகஸ்வரத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. சீசன் தொடக்க நாளில் மங்கள இசை என்று அரைமணி நேரம் போடுவார்கள். ஜனங்கள் நாற்காலி தேடும் நேரம், பொன்னாடைகளை மேடையில் அடுக்கும் நேரம். அந்த அரைமணியில் ஒருவர் கம்பீரநாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்து மூன்று வேகத்திலும் வாசித்துவிட்டு இறங்குவார். அதைப் பற்றி விமர்சனம் வந்து நான் பார்த்ததில்லை, நானும் எழுதியதில்லை. அதே கலைஞர் கோயில் உற்சவத்தில் சாமி புறப்பாட்டின்போது நாலு வீதியும் நடந்துகொண்டே ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் வாசிப்பார். அதற்கு டிக்கெட் இல்லை, அழைப்பிதழ் இல்லை, அதனால் விமர்சகரும் இல்லை. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்பவர்களைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். தோலைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து சாதம் கலந்து, கரணை என்ற கறுப்பு வட்டத்தைப் போடுவது வரைக்கும் அவர்களுடைய காதும் கையும் செய்யும் வேலையைப் பார்த்த பிறகு, "மிருதங்கத்தின் நாதம் இனிமையாக இருந்தது" என்ற வாக்கியத்தை என்னால் முன்பு போல எழுத முடியவில்லை. அந்த நாதத்தில் பாதி வேறு ஒருவருடையது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தியானம் பன்னிரண்டு மணிக் கச்சேரியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பதினாலு பேர் முன்னால் பாடுகிறாள். குரல் நடுங்குகிறது, ஒரு இடத்தில் தாளம் போகிறது. அதை எழுதலாமா? நான் ஒரு தடவை எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது. அச்சில் ஏற்ற வேண்டிய விஷயம் அல்ல அது, குரு வீட்டில் சரிசெய்துகொள்கிற விஷயம். ஆனால் அந்தப் பதினாலு பேரில் ஒருவனாக உட்கார்ந்து, அவள் எடுத்த ஒரு அபூர்வமான பிடியை எழுதுவது வேறு. அப்படி எழுத வேண்டுமென்றால் முதலில் பன்னிரண்டு மணிக்கு அங்கே போக வேண்டும்.

ஒரு பைரவி

நோட்டைப் பார்த்த அந்த வருட டிசம்பரிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். டீச்சர் ஒரு பிரபலமான பாடகருக்கு வாசிக்கும் மாலைக் கச்சேரி. வழக்கமாக நான் உட்காரும் நடுவரிசையை விட்டுவிட்டு வலது ஓரம் மூன்றாவது வரிசைக்குப் போனேன். வயலின் பாடகருக்கு இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். இரண்டரை மணி நேரமும் வயலினை மட்டும் கேட்பது, பாடகரை வயலின் வழியாகக் கேட்பது என்று முடிவு.

முதல் அரைமணி ரொம்பக் கஷ்டமாக இருந்தது. காது தானாகப் பாட்டுக்குப் போய்விடுகிறது. சாகித்யம் இழுக்கிறது, பழகிய குரல் இழுக்கிறது. பிடித்துக்கொண்டுவந்து மறுபடி வயலினில் வைக்க வேண்டியிருந்தது. பிறகு பைரவி ராக ஆலாபனை ஆரம்பித்தது. பாடகர் மந்தர நிஷாதத்தில் இருந்து மெதுவாக எழும்பி ரிஷபத்தில் நின்றார். டீச்சரின் வில் அதே ரிஷபத்தில் நின்றது, ஆனால் உடனே நிற்கவில்லை. அரைக் கணம் கழித்து, பாடகரின் குரல் தேயத் தொடங்கிய பிறகு, அதன் அடியில் வந்து சேர்ந்தது. குரல் நின்ற இடம் தெரியவில்லை, வயலின் தொடங்கிய இடமும் தெரியவில்லை. அவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது, நமக்கு ரிஷபம் அறுபடாமல் கிடைத்தது. இதை டீச்சர் அந்த ஆலாபனையில் இருபது தடவையாவது செய்திருப்பார். ஒரு தடவைகூட ஒரே மாதிரி செய்யவில்லை. பாடகர் மேலே போகும்போது உயர்ந்த தைவதமான சதுச்ருதி தைவதத்தைத் தொட்டு, இறங்கும்போது தாழ்ந்த தைவதமான சுத்த தைவதத்துக்கு வரும் இடத்தில் மட்டும் டீச்சர் பின்வாங்கி, வில்லை லேசாக்கி, அவரைத் தனியே விட்டார். தன் முறை வந்தபோது அந்த இரண்டு தைவதங்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தையே எடுத்துக்கொண்டு நாலு நிமிடம் வாசித்தார். பாடகர் தொட்டுவிட்டுப் போன இடத்தில் இவர் தங்கினார். பாடகர் தொடையில் தட்டிக்கொண்டே தலையாட்டினார். முப்பது வருடங்களாகக் கச்சேரி கேட்கிறேன். பைரவியின் அந்த இடத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

தனி முடியும் வரை எழுந்திருக்கவில்லை. அன்று இரவே எழுத உட்கார்ந்து, விடிகாலை வரை 900 வார்த்தைகள் எழுதினேன். அத்தனையும் வயலினைப் பற்றி. பழைய பத்திரிகைக்கு அனுப்பவில்லை. நண்பர் ஒருவர் நடத்தும் சிறிய மாத இதழுக்குக் கொடுத்தேன். "பாட்டு எங்கே?" என்று அவரும் கேட்டார், ஆனால் போட்டார். நல்லதை மட்டும் எழுதினால் அது உபசாரம் ஆகிவிடும் என்பதால் ஒரு குறையையும் எழுதியிருந்தேன். பைரவியின் ஸ்வரம் முடியும்போது பாடகர் போட்ட கோர்வையைத் திருப்பி வாசிக்கையில் டீச்சர் ஒரு கணம் தடுமாறினார், கோர்வை அவர் பாடிய வடிவத்தில் அப்படியே வரவில்லை என்று எழுதியிருந்தேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு டீச்சரிடமிருந்து போன். மகளின் வகுப்பு நேரத்தை மாற்றத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"சார், படிச்சேன். அந்தக் கோர்வை விஷயம் தப்பு சார்."

அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. அது மாணவர்களிடம் பேசும் குரலும் அல்ல, மேடைக்கு வெளியே என்னிடம் பேசும் குரலும் அல்ல. "ரெகார்டிங் இருக்கு, அனுப்பறேன். பாட்டு எங்க எடுப்பு? ஒன்றரை இடம். அவர் கோர்வை எங்க வந்து முடிஞ்சுது? கேளுங்க. தாளம் போட்டுக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். எடுப்பு என்பது தாளத்தின் ஒரு சுற்றில், ஒரு ஆவர்த்தனத்தில், பாட்டு தொடங்கும் இடம். இந்தப் பாட்டு சுற்று தொடங்கி ஒன்றரை அட்சரம், அதாவது ஒன்றரை எண்ணிக்கை, கழித்துத் தொடங்குகிறது. ஆதி தாளம், கையால் போட்டுக்கொண்டே கேட்டேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை தெரிந்தது. ஒன்றரை இடத்தில் வந்து விழ வேண்டிய கோர்வை, ஒன்றிலேயே முடிந்துவிட்டது. பாடகர் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, குறைந்த அரை அட்சரத்தை நிரப்பி, பல்லவியை எடுத்துவிட்டார். அனுபவசாலி, வெளியே தெரியாமல் செய்தார். மண்டபம் கைதட்டியது, நானும் தட்டியிருப்பேன். அடுத்தது டீச்சரின் முறை. தப்பாக முடிந்த கோர்வையை அப்படியே வாசித்தால் தப்பு இரண்டு தடவை ஆகும். வாசிக்காமல் விட்டால் பாடகருக்கு அவமானம். கோர்வையில் ஒரே வடிவம் மூன்று தடவை, நடுவில் இரண்டு கார்வை, அதாவது இழுத்து நிறுத்தும் இடைவெளி. அந்த இரண்டு கார்வையிலும் கால் கால் அட்சரம் கூட்டி, டீச்சர் அதைச் சரியாக ஒன்றரை இடத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். யோசிக்க அவருக்குக் கிடைத்த நேரம், பாடகர் பல்லவி வரியை ஒரு தடவை பாடி முடித்த நேரம்தான்.

நான் அதைத் தடுமாற்றம் என்று அச்சில் போட்டிருக்கிறேன். வயலினை மட்டும் கேட்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தும், கணக்கு இரண்டும் ஒத்துவராதபோது பாடகர்தான் சரி என்று என் காது எடுத்துக்கொண்டது.

திரும்பக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்கதான் சரி. அடுத்த இதழ்ல எழுதிடறேன்" என்றேன். அப்படி எழுதினால் பாடகரின் தப்பை ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகுமே என்று தயங்கினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க சார். ஆனா கால் கால்னு எழுதாதீங்க. முதல் கார்வையில கால் கூட்டினேன், ரெண்டாவதுல கால் கூட்டும்போது பாதியில ஒரு அனுஸ்வரம் வெச்சேன், அதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். அந்தச் சின்னத் துணை ஸ்வரம் எந்த இடத்தில் என்று கேட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வயலினை எடுத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு நாங்கள் பேசி முடிக்கும்போது மணி ஒன்பது. பேசியது முழுக்க அந்த ஒரு ஆவர்த்தனத்தைப் பற்றித்தான்.